பந்து புறப்படும் இடம்

துண்டு வலது இடுப்பில்தான் தொங்குகிறது. ஜெரினின் கை இடது பக்கம் போகிறது. இது மூன்றாவது தடவை. ஒரு தடவை என்றால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். வேர்வையைத் துடைக்கப் போனான், மறந்தான், குனிந்தான் என்று விட்டிருப்பேன். ஆனால் மூன்று தடவையும் ஒரே மாதிரி இடது இடுப்பைத் தட்டுகிறான், ஒன்றும் இல்லை, மறுபடி தட்டுகிறான், பிறகு ஈரக் கையோடு பந்தின் மேல் குனிகிறான். இங்கே உட்கார்ந்திருக்கும் ஐயாயிரம் பேரில் இதை யார் பார்த்திருப்பார்கள்? யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் எல்லாரும் பந்து போகும் இடத்தைப் பார்க்கிறவர்கள். இந்த அமெரிக்கக் கால்பந்தை நான் எத்தனையோ வருடமாகப் பார்த்தும் பந்து எங்கே போகிறதென்று பார்த்ததே இல்லை. என் மகன் சென்ட்டர். நடுவில் குனிந்து, தரையில் இருக்கும் பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் நிற்கிறவனிடம் கொடுக்கிறவன். கொடுத்த கணமே எதிரே நிற்கும் மலை ஒன்று அவன் மேல் விழும். மற்றவர்களுக்கு ஆட்டம் அங்கே தொடங்குகிறது. எனக்கு அங்கேயே முடிந்துவிடும். பந்து புறப்படும், நான் ஜெரினைப் பார்ப்பேன், அவன் எழுந்திருப்பான், நான் மூச்சு விடுவேன். கூட்டம் கத்தினால் பக்கத்தில் இருக்கும் என் கணவர் வில்பிரட்டிடம் "என்ன ஆச்சு, நல்லதா கெட்டதா?" என்று கேட்டுக்கொள்வேன்.

இடைவேளைக்கு மணி அடித்தாகிவிட்டது. பையன்கள் ஓடி உள்ளே போகிறார்கள், ஜெரினும் ஓடுகிறான், நேராகத்தான் ஓடுகிறான், பார், நேராகத்தான். "இஞ்ச பாருங்க, அவன் இடது பக்கமே தடவிட்டு இருக்கான்." "எவன்?" "நம்ம பிள்ளதான். துண்டு வலது பக்கம்லா இருக்கு." வில்பிரட் கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். "நீ ஒருத்திதான் சுகி, ஸ்டேடியத்துக்கு வந்து துண்டைப் பாக்கது." அந்தக் குவியலைப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஏழெட்டுப் பேர் ஒன்றாக விழுந்தார்களே, எதிரணியில் ஒருவனுடைய முழங்கால் ஜெரினின் ஹெல்மெட்டில் பட்டது. பட்டதா? பட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. எல்லாரும் எழுந்த பிறகு அவன் எழுந்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். யாருக்குக் காட்டினான்? அவன் அணியின் பெஞ்ச் இந்தப் பக்கம். அவன் காலியாக இருந்த அந்தப் பக்கம் பார்த்துக் காட்டினான். "வெப்ராளப்படாத," என்கிறார் வில்பிரட். "டாக்டர் இருக்காரு, ட்ரெயினர் இருக்கா. இன்னும் பாதி ஆட்டம். அத முடிச்சான்னா அவன் பேரு இங்க நிக்கும், கேட்டியா? நானும் நீயும் செத்த பொறவும் நிக்கும்."

அது உண்மைதான். இந்தக் கல்லூரி சின்னது, ஓஹியோவில் சோளக்காட்டுக்கு நடுவே ஒரு மைதானமும் ஒரு மணிக்கூண்டும். ஆனால் அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. நவம்பர் கடைசி ஆட்டத்தின் இடைவேளையில் பழைய பதினொருவர் இறங்குவார்கள். பதினோரு வேறு வேறு காலத்து ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவரும் தான் ஆடிய அதே இடத்தில் வரிசையில் நிற்பார்கள், ஒரே ஒரு தடவை பந்து கைமாறும், வாங்கியவர் முழங்காலிட்டுவிடுவார். அவ்வளவுதான். யாரும் ஓடுவதில்லை, யாரும் மோதுவதில்லை. அந்த வரிசையில் நிற்க நட்சத்திரமாக இருந்திருக்க வேண்டாம். நான்கு வருடமும் எந்த ஆட்டத்தையும் பாதியில் விட்டு வெளியே போகாதவராக இருந்தால் போதும். அப்படி ஆட்களே ஒரு தலைமுறைக்கு மூன்று நான்கு பேர்தான் தேறுவார்களாம். ஜெரின் இன்றைக்கு முடித்தால் தேறிவிடுவான். நாற்பது வருடம் கழித்து, ஐம்பது வருடம் கழித்து, தலை நரைத்த என் பிள்ளையை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். அருமைநாயகம் என்ற எங்கள் வீட்டுப் பெயரை அப்போதும் தப்பாகத்தான் சொல்வார்கள். முதல் வருடம் இங்கே ஒரு பெரியவர் வில்பிரட்டின் உயரத்தையும் ஜெரினின் உடம்பையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு என்ன கொடுத்து வளர்த்தீர்கள் என்று கேட்டார். "மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும்," என்றார் இவர், நாகர்கோவில் கடைத்தெருவில் நிற்பதுபோல. அந்தப் பெரியவர் அதை ஏதோ ஊட்டமருந்து என்று நினைத்து எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.

எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, இன்று காலையில்தான் அறிமுகமான நோரா இப்போது எழுந்து தன் கணவரின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். டேல், அவள் கணவர், எழுபது தாண்டியவர், கதவு நிலையை அடைக்கும் தோள், நீலக் கண். எழுபத்து நான்காம் வருட அணியில் வரிசையின் ஓரத்தில் நின்றவர். காலையிலிருந்து நான்கு தடவை திரும்பி என்னிடம் "நீங்கள் யாருக்காக வந்திருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டார். நான்கு தடவையும் மகனைக் காட்டினேன். நான்கு தடவையும் "நல்ல பையன், நல்ல குனிவு," என்றார். நோரா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. "நாலு வருஷமும் ஒன்றைக்கூட விடவில்லை இவர்," என்றாள். "விலா எலும்பு இரண்டு உடைந்து, அதோடு ஆடினார்." தலையில் அடிபட்டதில்லையா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். "தலையா? அதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை, டியர்." இப்போது அவள் டேலின் முழங்கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போகிறாள். அலுமினியப் படிகள் ஒவ்வொன்றிலும் அவருடைய காலணி தட்டிக் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறது.

படி. எனக்கும் படிக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு. ஜெரின் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கும்போது ஒரு மாலையில் விழுந்தான், எழுந்திருக்கவில்லை, நான் யோசிக்கவே இல்லை, கைப்பையில் இருந்த தைலக் குப்பியை எடுத்துக்கொண்டு "மக்களே! மக்களே!" என்று, பிள்ளையைக் கூப்பிடும் எங்கள் ஊர் வழக்கில், கத்தியபடி வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடிவிட்டேன். ஆட்டம் நின்றது. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். கணுக்கால் பிசகல், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வருடம் முழுக்க அந்த அணியில் அவனுக்குப் பெயர் ஜெரின் இல்லை. "மக்லே! மக்லே!" என்று அத்தனை வெள்ளைக்காரப் பையன்களும் அவன் விழும்போதெல்லாம் என் குரலில் கூவினார்கள். அன்றைக்குக் காரில் வரும்போது அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "இனி நீங்க கீழ வராண்டாம்மா. என்ன ஆனாலும். சத்தியமா சொல்லுங்க," என்றான். சொன்னேன். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்த வருடத்துப் படம் இன்னும் ஒட்டியிருக்கிறது. சேறும் சகதியுமாக, இடுப்பில் துண்டு ஆட, எனக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறான். அன்றிலிருந்து எந்த மைதானத்திலும் நான் படிக்கட்டின் முதல் படியைக்கூடத் தொட்டதில்லை. கழிப்பறைக்குப் போவதென்றால்கூடப் பின்வழியாகச் சுற்றித்தான் போவேன்.

ஒலிபெருக்கி கரகரக்கிறது. வாத்தியங்கள் நிற்கின்றன. எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், நானும் நிற்கிறேன். பழைய பதினொருவரை வயதின் வரிசையில் கூப்பிடுகிறார்கள். முதலில் வெண்டல் க்ரூபர், தொண்ணூற்றைந்து தாண்டியவர், சக்கர நாற்காலியில் வருகிறார். அவர் ஆடிய காலத்தில் ஹெல்மெட்டுக்கு முன்கம்பி கிடையாது. மூக்கு எத்தனை தடவை உடைந்தது என்று அவருக்கே நினைவில்லையாம். அதே பதினோரு பேர்தான் தாக்கவும் வேண்டும் தடுக்கவும் வேண்டும், மாற்று ஆள் என்று யாரும் கிடையாது, இருட்டும் வரைக்கும் அதே கால், அதே தோள். இப்போது அந்தத் தோள் கோட்டுக்குள் எங்கே இருக்கிறதென்று தேடவேண்டியிருக்கிறது. அடுத்து ராஸ்கோ டிப்ஸ். நேராக, யாரையும் பிடிக்காமல், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறார். இந்தக் கல்லூரிச் சட்டையைப் போட்ட முதல் கறுப்பர். வெளியூர் ஆட்டத்துக்குப் போனபோது விடுதியில் அவருக்கு மட்டும் அறை இல்லை என்றார்களாம், பேருந்திலேயே கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தாராம், மறுநாள் அந்த ஊர்க்காரர்கள் நடுவே பந்தோடு ஓடினாராம், ஒருவராலும் தொட முடியவில்லையாம். ஒலிபெருக்கி இதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்க்கிறார். பந்து எங்கே போகிறதென்று பார்க்காத எனக்கே உடம்பு சிலிர்க்கிறது. இந்தப் புல்லின் மேல் எத்தனை காலம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கிறது! கம்பியில்லாத முகங்கள், அறை கிடைக்காத இரவு, பிறகு டேல், பிறகு கிப் லின்ட்ஸ்ட்ராம் என்று எண்பதுகளின் குவார்ட்டர்பேக், சென்ட்டரிடம் பந்தை வாங்கி எறிகிறவன், இன்னமும் தட்டையான வயிறு, இன்னமும் பெண்களைப் பார்த்துக் கையசைக்கிறான், பிறகு கை முழுக்கப் பச்சை குத்திய நேற்றைய பையன்கள். ஒரே வரிசையில் எழுபது வருடம் நிற்கிறது. கோயிலில் திருப்பலிக்கு மணி அடிக்கும்போது தலை தானாகக் குனியுமே, அப்படிக் குனிகிறது எனக்கு. இந்த வரிசையில் என் பிள்ளைக்கும் ஓரிடம். நடு இடம். க்ரூபரின் இடம்.

இன்றைய அணியும் உள்ளேயிருந்து வந்து எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஜெரின் மூன்றாவதாக நிற்கிறான், ஹெல்மெட் போட்டபடியே. மற்றவர்கள் பெரியவர்களுக்காகக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார்கள். ஏன் கழற்றவில்லை? மறந்திருப்பான். மறதி என்றால் என்ன, வாலிபப் பிள்ளை, ஆட்ட நினைப்பு. வலது இடுப்பில் துண்டு காற்றில் ஆடுகிறது. கை தொங்குகிறது. போகாதே, இடது பக்கம் போகாதே. அங்கே என்ன இருக்கிறது உனக்கு? க்ரூபரின் பேரன்கள் இருவர் அவரை நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்துகிறார்கள். அவர் அவர்களுடைய கையைத் தட்டிவிடுகிறார். குனிகிறார். ஒரு விரல் அகலம், இன்னொரு விரல் அகலம், எலும்பு எலும்பாகக் குனிகிறார், மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை, கை பந்தைத் தொடுகிறது. விரல்கள் தையலின் மேல் பரவுகின்றன. அந்த விரல்களை எனக்குத் தெரியும், ஜெரினின் விரல்களும் அப்படித்தான் பரவும், சுண்டுவிரல் கடைசியாக. பின்னால் கிப் லின்ட்ஸ்ட்ராம் குரல் கொடுக்கிறான், வேடிக்கையாக அல்ல, உண்மையான குரலில், அந்தக் காலத்துக் குரலில். பந்து புறப்படுகிறது. கிப் வாங்குகிறான். முழங்காலிட வேண்டும். முழங்காலைப் பாதி மடக்கியும் விட்டான்.

டேல் ஓடுகிறார். யாரும் ஓடச் சொல்லவில்லை. வரிசையின் ஓரத்தில் சும்மா நிற்க வேண்டிய மனிதர், படி தடவி இறங்கிய மனிதர், பந்து அசைந்த அதே நொடியில் கிளம்பிவிட்டார். தோளை ஒரு பக்கம் சாய்த்து, இல்லாத ஓர் எதிரியை ஏமாற்றி, நேராக, நேராக, பிறகு சட்டென்று உள்பக்கம் திரும்பிக் கையை உயர்த்துகிறார், பார்க்காமலேயே, பந்து அங்கே வரும் என்று தெரிந்தவராக. கிப் லின்ட்ஸ்ட்ராம் அவரைவிடப் பதினைந்து வருடம் இளையவன், இவரோடு ஒரு நாளும் ஆடியதில்லை. அவன் முழங்காலை நிமிர்த்தி எறிகிறான். மெதுவாக, ஒரு குழந்தைக்கு எறிவதுபோல. பந்து டேலின் இரண்டு கைக்குள் போய் உட்காருகிறது. மைதானம் இடிந்து விழுவதுபோலச் சத்தம். வில்பிரட் என் தோளைப் பிடித்துக் குலுக்குகிறார், "பாத்தியா! பாத்தியா பிள்ளே! மனுசன் எல்லாத்தயும் மறந்தாச்சு, ஆனா இத மறக்கல!" அவர் கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும்தான். ஒரு உடம்புக்குள் இப்படி ஒன்று இத்தனை வருடம் அணையாமல் இருக்குமா, என்ன ஒரு காரியம், ஆண்டவரே, என்ன ஒரு காரியம். டேல் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். சிரிக்கிறார். பிறகு சுற்றிப் பார்க்கிறார். அந்தக் கோட்டை, இந்தக் கோட்டை, புள்ளிப்பலகையை. சிரிப்பு இருக்கும்போதே கண் தேட ஆரம்பிக்கிறது. அவர் காலியாக இருந்த அந்தப் பக்கத்துப் பெஞ்சை நோக்கி நடக்கத் தொடங்குகிறார். நோரா புல்லின் மேல் தன் குளிர்காலப் பூட்சோடு, அவசரமில்லாமல், வழக்கமான வேலைக்குப் போகிறவள்போல அவரிடம் போகிறாள். பெஞ்ச் அந்தப் பக்கமாக இருந்திருக்கும், எழுபத்து நான்கில். அவர் இந்த மைதானத்தில் ஓடவில்லை. அந்த வருடத்துக்குள் போய் ஓடியிருக்கிறார். கால் அங்கே போய்விட்டது, ஆள் இங்கே நிற்கிறார்.

எல்லாரும் கைதட்டுகிறார்கள். ஜெரினும் தட்டுகிறான், தட்டிவிட்டு, உள்ளங்கையைத் துடைக்க, இடது இடுப்பைத் தேடுகிறான். அந்தப் படம். குளிர்சாதனப் பெட்டியின் கதவு. சேறு, முதுகு, நடை, துண்டு. துண்டு இடது இடுப்பில்! பள்ளிக்கூடத்தில் அவன் இடது பக்கம்தான் செருகுவான். இங்கே முதல் வருடம் பயிற்சியாளர் மாற்றச் சொன்னார், குவார்ட்டர்பேக்கின் கை மாட்டுகிறதென்று, ஒரு கோடை முழுக்க வீட்டுக்குள்ளேயே வலது பக்கம் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு பழகினான், சாப்பிடும்போதுகூட. அதற்கப்புறம் இன்றுவரை தவறியதில்லை. அவன் கை துண்டை மறக்கவில்லை. அவன் கை பத்தாவது வகுப்பில் இருக்கிறது. "எங்க போற?" என்கிறார் வில்பிரட். நான் நகர்ந்துவிட்டேனா? "சுகி, எங்க போற? இப்ப ஆட்டம் தொடங்கிரும்." கீழே போகிறேன். "கொள்ளாம்! அவன் உன்ன ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டான். பாதி ஆட்டம்தான்லா? அவன் பேரு..." நோராவைப் பாருங்கள் என்கிறேன். அவர் பார்க்கிறார். நோரா டேலின் கையிலிருந்த பந்தை வாங்கவில்லை, பந்தோடு சேர்த்து அவரைத் திருப்பி நடத்திவருகிறாள். வில்பிரட் வாயில் இருந்த கடலையை மென்று முடிக்கவில்லை. முதல் படி. அலுமினியம் என் காலுக்குக் கீழே டங் என்கிறது. எல்லாருக்கும் கேட்டிருக்கும். அடுத்தது. சத்தியமா சொல்லுங்கம்மா. சொன்னேன். அடுத்தது.

கம்பிவேலியின் ஓரத்தில் ட்ரெயினர் பிரெண்டா தண்ணீர்க் குப்பிகளை அடுக்கிக்கொண்டு நிற்கிறாள். ஆட்டக்காரர்களுக்குக் காயம் பார்ப்பது இவள் வேலை. துண்டு, இடது பக்கம், பள்ளிக்கூடம் என்று என் ஆங்கிலம் உருண்டு வருகிறது, பைத்தியக்காரி என்று நினைக்கப்போகிறாள். ஆனால் அவள் குப்பியைக் கீழே வைக்கிறாள். ஜெரினைக் கூப்பிடுகிறாள். அவன் என்னைப் பார்த்துவிட்டான். ஹெல்மெட்டின் கம்பிக்குப் பின்னால் அந்த முகம். "அம்மா. மேல போங்க." போறேன் மக்களே, முகமெல்லாம் வேர்த்திருக்கு, துண்டை எடுத்துத் துடை, போயிருதேன். அவன் கை இடது இடுப்புக்குப் போகிறது. தட்டுகிறது. மறுபடி தட்டுகிறது. பிரெண்டா அந்தக் கையையே பார்க்கிறாள். போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெரின், என்று சாதாரணமாகக் கேட்கிறாள், மழை வருமா என்று கேட்பதுபோல. அவன் வாயைத் திறக்கிறான். மூடுகிறான். பிறகு, ஏழு வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது எட்டாம் வாய்ப்பாட்டில் நிற்பானே, அப்படி, என் முகத்தைப் பார்க்கிறான். விடையை நான் சொல்வேன் என்று. பிரெண்டா அவன் தாடைக்கடியில் இருக்கும் கொக்கியை அவிழ்த்து ஹெல்மெட்டைக் கழற்றுகிறாள், வேலிக்கதவைத் திறந்து அதை என் கையில் வைக்கிறாள். "நீங்கள் வைத்திருங்கள். எங்களிடம் இருந்தால் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவார்கள். எல்லாப் பையன்களும் அப்படித்தான்." டாக்டரைக் கூட்டிவர ஓடுகிறாள்.

பெஞ்சின் கோடியில் நாங்கள் இருவரும். ஹெல்மெட் இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. உள்ளே அவன் தலையின் சூடு இன்னும் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, சின்ன வயதில் காய்ச்சலடித்த தலையணையில் இருக்குமே அந்த வாசனை. "வரமாட்டேன்னு சொன்னீங்கல்லா," என்கிறான். சொன்னேன் மக்களே. அவன் தரையைப் பார்க்கிறான். தாடை இறுகியிருக்கிறது. எங்களைத் தாண்டி நோராவும் டேலும் போகிறார்கள். டேல் நிற்கிறார், பந்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மற்றக் கையால் என் மடியில் இருக்கும் ஹெல்மெட்டை உச்சியில் மெல்லத் தட்டுகிறார். "நீங்கள் யாருக்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். இவனுக்காக என்கிறேன். நோரா ஜெரினைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், ஹெல்மெட்டைப் பார்க்கிறாள். என் தோளில் ஒரு நொடி கை வைத்துவிட்டு நடக்கிறாள். விசில். இன்னொரு பையன், ஜெரினுக்குப் பின்னால் நான்கு வருடம் காத்திருந்தவன், நடுவில் போய்க் குனிகிறான். துண்டு இல்லை அவனுக்கு. "வரமாட்டேன்னு சொன்னீங்கல்லா," என்கிறான் ஜெரின் மறுபடியும், அதே கோபத்தோடு, புதிதாகச் சொல்கிறவன்போல. ஆமா மக்களே, சொன்னேன். பந்து புறப்படுகிறது. நான் வழக்கம்போல அந்த இடத்தையே பார்க்கிறேன், அங்கே என் பிள்ளை இல்லை. கண்ணுக்குப் போக இடமில்லை. எழுந்த உடம்புகளுக்கும் விழுந்த உடம்புகளுக்கும் நடுவே முதல் தடவையாகப் பந்தைத் தேடுகிறேன். ஒருவனிடம் இருப்பதுபோல ஓடுகிறான், அவனிடம் இல்லை. கூட்டம் எழுகிறது, எதற்கென்று தெரியவில்லை. "எங்க போச்சு மக்களே? காணல்லியே." ஜெரின் தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் தூக்கி, தூரத்து மூலையை, யாரும் பார்க்காத ஒரு பக்கத்தைக் காட்டுகிறான். நான் அந்த விரலின் நுனியிலிருந்து பார்த்துக்கொண்டே போகிறேன். பந்து அங்கேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது.